மலைச்சரிவில் படிப்படியாக ஃப்ளாட்: வியூவைப் பார்க்கும் முன் வாய்க்காலைப் பாருங்கள்!

இந்த வாரக் கேள்வி ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டிலிருந்து. கேட்டிருப்பவர் ஒரு வாசகி அக்கா.

"தம்பி, நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே கம்பெனி வேலை. பத்து வருஷமா சேர்த்த காசு கொஞ்சம் கையில இருக்கு. மலைமேல ஃப்ளாட் கட்டுறாங்கன்னு ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்ல சுத்துது. கட்டடமே படிக்கட்டு மாதிரி சரிவுல இறங்குது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னாடி தனி மொட்டைமாடி, தோட்டம். லீவுக்கு நாங்க போய்த் தங்கலாம், மத்த நாள்ல வாடகைக்கு விடலாம்னு சொல்றாங்க. நம்பி அட்வான்ஸ் குடுக்கலாமா?"

அந்தப் படத்தையும் அனுப்பியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பச்சை மலை, வெள்ளைக் கட்டடம், கீழே பள்ளத்தாக்கில் மேகம். கீழ் வீட்டின் கூரைதான் மேல் வீட்டின் முற்றம். யாருடைய ஜன்னலையும் யாரும் மறைக்கவில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. இப்படிக் கட்டடம் கட்ட முடியும். உலகத்தில் நன்றாகக் கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த விளம்பரப் படத்தில் ஒரு முக்கியமான விஷயம் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பது அதில் எங்குமே இல்லை. அதைக் கேட்டு, காகிதத்தில் பதில் வாங்கிவிட்டு, பிறகு அட்வான்ஸைப் பற்றி யோசியுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

சமவெளி வேறு, சரிவு வேறு

வடக்குப்பட்டு மண்ணைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. கற்காலக் கருவிகள் கிடைத்தன, சங்க காலத்துப் பானை ஓடுகளும் கிடைத்தன. கற்கருவிகள் சுமார் 12,000 ஆண்டுகள் பழமையானவையாக இருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். சுற்றிலும் கார் கம்பெனி, கன்டெய்னர் லாரி என்று ஊர் மாறிவிட்டது. ஆனாலும் மண்ணுக்குள் அந்தக் காலத்துக் கல் அதன் அடுக்கிலேயே கிடந்திருக்கிறது. சமவெளி மண் அப்படித்தான். தொந்தரவு செய்யாவிட்டால் போட்டது போட்டபடி கிடக்கும்.

மலைச்சரிவு மண்ணுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எடை அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் உராய்வும் ஒட்டுதலும்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. வேர்களும் கொஞ்சம் உதவுகின்றன. அந்தப் பிடியைத் தளர்த்துகிற ஆள் தண்ணீர். மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்தால் எடை கூடும், உராய்வு குறையும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இன்னொரு ஒப்பீடு சொன்னால் சுலபமாகப் புரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது பல்லாவரம் பக்கம் பார்க்கும் குன்றுகள் சார்னோகைட் என்ற கடினமான பாறை. நீலகிரியின் அடிப்பாறையும் பெரும்பாலும் அதே சார்னோகைட்தான். ஆனால் அங்கே காலகாலமாகப் பெய்த மழையில் பாறையின் மேற்பகுதி பல மீட்டர் ஆழத்துக்கு மக்கி, சிவப்பு மண்ணாக மாறிவிட்டது. 'மலை என்றால் பாறை, பாறை மேல் வீடு என்றால் ஸ்ட்ராங்' என்று புரோக்கர் சொன்னால், 'எத்தனை அடியில் பாறை இருக்கிறது, எங்கே போர் போட்டுப் பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள்.

படிக்கட்டுக் கட்டடத்தின் கணக்கு

இந்த வகைக் கட்டடத்தின் அடிப்படை ரொம்ப எளிது. ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழே இருக்கும் மாடியைவிடக் கொஞ்சம் மலைப்பக்கமாகத் தள்ளி நிற்கும். அப்படித் தள்ளியதால் கிடைக்கும் இடம்தான் மொட்டைமாடி. அதன் அகலத்தைச் சரிவுதான் முடிவு செய்கிறது.

ஒரு மாடியின் உயரம் 3 மீட்டர், அதாவது ஏறக்குறைய 10 அடி என்று வையுங்கள். கட்டடம் சரிவை அப்படியே பின்பற்றினால் கிடைக்கும் மொட்டைமாடி இவ்வளவு:

• சரிவு 20 டிகிரி என்றால் சுமார் 8 மீட்டர் (27 அடி)
• 30 டிகிரி என்றால் சுமார் 5 மீட்டர் (17 அடி)
• 45 டிகிரி என்றால் 3 மீட்டர் (10 அடி)
• 60 டிகிரி என்றால் 1.7 மீட்டர் (ஐந்தரை அடி)

சரிவு செங்குத்தாக ஆக ஆக, மொட்டைமாடி பால்கனி அளவுக்குச் சுருங்கிவிடும். படத்தில் அகலமான தோட்டமும் இருக்கிறது, பின்னால் செங்குத்தான மலையும் இருக்கிறது என்றால், இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கும். இல்லாவிட்டால் மலையை ஆழமாக வெட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். எவ்வளவு ஆழமாக வெட்டுகிறார்களோ அவ்வளவு உயரமான தடுப்புச்சுவர் வேண்டும். மேஸ்திரிகள் 'ரீடெய்னிங் வால்' என்று சொல்வார்களே, அதுதான்.

வெட்டிய மண் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோவது செலவு. அதனால் பல இடங்களில் அதையே சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி, மேடாக்கி, அதன்மேல் பார்க்கிங் போட்டுவிடுவார்கள். வெட்டிய பக்கம் பழைய மண், கொட்டிய பக்கம் தளர்ந்த மண். ஒரே கட்டடத்தின் ஒரு கால் இதிலும் மறு கால் அதிலும் நின்றால், கொட்டிய பக்கம் மெல்ல இறங்கும். சுவரில் குறுக்காக விரிசல் விழும்.

நன்றாகக் கட்டியவர் யார்?

இப்படிக் கட்டடம் என்றாலே கட்டடக்கலை மாணவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஜப்பானின் ரோக்கோ குடியிருப்பு. கோபே நகரத்தை ஒட்டிய ரோக்கோ மலையடிவாரத்தில், ஏறக்குறைய 60 டிகிரி சரிவில், தடாவோ ஆண்டோ வடிவமைத்தது. பள்ளிக்கூடப் படிப்புக்குப் பிறகு கல்லூரியில் கட்டடக்கலை படிக்காமல், தானாகவே கற்றுக்கொண்டவர் அவர். முதல் கட்டடம் 1983-ல் முடிந்தது. மொத்தமே 20 வீடுகள். ஒன்றின் கூரை இன்னொன்றின் முற்றம். அதை ஒட்டி இரண்டாவது கட்டடம் 1993-ல் முடிந்தது.

இரண்டே ஆண்டில், 1995 ஜனவரி 17 அன்று, கோபேயைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரோக்கோ குடியிருப்புகள் பெரிய சேதம் இல்லாமல் நின்றன. அதே ஆண்டு ஆண்டோவுக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் கிடைத்தது. பரிசுப் பணத்தை நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார்.

விளம்பரங்களில் 'ஜப்பான் ஸ்டைல்' என்று போடுகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது படியின் வடிவத்தை மட்டும். கண்ணுக்குத் தெரியாத பகுதி மலைக்குள் இருக்கிறது. கெட்டியான கான்கிரீட் சட்டகமும், மண்ணைப் பிடித்து நிறுத்தும் அமைப்பும், தண்ணீர் வெளியேறும் பாதையும் சேர்ந்துதான் அந்தக் கட்டடம். இத்தனைக்கும் செலவு செய்து அவர் முதலில் கட்டியது 20 வீடுகள்தான். அதே சரிவில் 200 வீடு என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நிலநடுக்கம் என்றதும் ஒரு விஷயம். சரிவில் நிற்கும் கட்டடத்துக்கு மலைப்பக்கத் தூண்கள் குட்டையாகவும் பள்ளத்தாக்குப் பக்கத் தூண்கள் நெட்டையாகவும் இருக்கும். பூமி ஆடும்போது நெட்டைத் தூண் வளைந்து கொடுக்கும். குட்டைத் தூண் வளையாது, அதனால் பெரும்பாலான விசையை அதுவே வாங்கி முதலில் உடையும். 2011 செப்டம்பரில் சிக்கிம் நிலநடுக்கத்தின்போது காங்டாக்கின் சரிவுக் கட்டடங்கள் பல அடிபட்டன. கட்டடப் பொறியாளரிடம் 'குட்டைத் தூண்களுக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் உடனே பதில் சொல்வார்.

100 மில்லிமீட்டர் மழை, 33 லாரித் தண்ணீர்

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஒரு ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேரும் தண்ணீர் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். உங்கள் ஏரியாவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 33 லாரிக்கு மேல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீலகிரியில் ஒரே நாளில் இதைவிட அதிகமாகப் பெய்த நாள்கள் உண்டு. அதுவும் உங்கள் ஒரு ஏக்கரின் தண்ணீர் மட்டும்தான் வரும் என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு மேலே இருக்கும் சரிவின் தண்ணீரும் உங்கள் வழியாகத்தான் இறங்கும்.

தண்ணீர் தடுப்புச்சுவரை என்ன செய்யும்? பொறியியல் பாடப்புத்தகக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 3 மீட்டர் உயரச் சுவர். பின்னால் நன்றாக வடிந்த சாதாரண மண். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் தள்ளும் விசை சுமார் 2.7 டன். அதே சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால் அது சுமார் 6 டன் ஆகிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல். சுவரின் உயரத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்கு.

சுவரில் அங்கங்கே பைப் துளைகள் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துளைகளும், சுவருக்குப் பின்னால் போடும் ஜல்லி வடிகட்டியும்தான் அந்த 6 டன்னை 2.7 டன்னாக வைத்திருக்கின்றன. துளை அடைபட்டால் சுவரின் பலம் அப்படியே இருக்கும், அதன்மேல் விழும் பாரம் இரட்டிப்பாகிவிடும். துளையை அழகு கெடுகிறது என்று சிமென்ட் பூசி மூடிய இடங்களும் உண்டு.

மொட்டைமாடித் தோட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு அடி ஆழத்துக்கு மண் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஒரு சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் எடை. அந்த எடையும் ஈரமும் கீழ்வீட்டுக்காரரின் தலைக்கு மேல்தான் இருக்கின்றன.

கழிவுநீரையும் மறக்கக்கூடாது. சமவெளியில் செப்டிக் டேங்க் தண்ணீரை உறிஞ்சுகுழிக்குள் விட்டால் மண் குடித்துக்கொள்ளும். சரிவில் அதே குழி, மலைக்குள் தினமும் தண்ணீர் ஏற்றும் ஊசி மாதிரி. மழை இல்லாத நாளிலும் சரிவு நனைந்துகொண்டே இருக்கும்.

48 பேர் இறந்த மதியம்

இதெல்லாம் வெறும் கணக்குதானே என்று தோன்றலாம். மலேசியாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

கோலாலம்பூரை ஒட்டிய உலு கிள்ளான் பகுதியில் ஹைலேண்ட் டவர்ஸ் என்று மூன்று கட்டடங்கள். ஒவ்வொன்றும் 12 மாடி. பின்னால் மலைச்சரிவு. சரிவைப் படிப்படியாக வெட்டித் தடுப்புச்சுவர்கள் கட்டியிருந்தார்கள். அங்கே இயற்கையாக ஓடிய ஓர் ஓடையைக் குழாய்க்குள் அடைத்து, சரிவின் குறுக்கே திருப்பிவிட்டிருந்தார்கள். வசதியானவர்கள் விரும்பி வாங்கிய வீடுகள்.

1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. அதற்கு முன் பல நாள் தொடர்மழை. மதியம் பின்னால் இருந்த சரிவு சுவர்களோடு சேர்ந்து சரிந்தது. சரிந்த மண் முதல் கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ள, 12 மாடியும் அப்படியே சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். மற்ற இரண்டு கட்டடங்களில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். விழாத வீட்டின் சொந்தக்காரர்களும் வீட்டை இழந்தார்கள்.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2000-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வடிகால் போதாது, தடுப்புச்சுவர்கள் சரியாக வடிவமைக்கப்படவில்லை, அடித்தளத் தூண்கள் மேலிருந்து வரும் எடைக்கு மட்டுமே கணக்கிடப்பட்டு, பக்கவாட்டிலிருந்து மண் தள்ளும் என்பதற்குக் கணக்கிடப்படவே இல்லை என்பதெல்லாம் வெளியே வந்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் முழுத் தகுதி பெற்ற ஆர்க்கிடெக்ட் அல்ல, வரைவாளர் என்பதும் தெரிந்தது. கட்டியவரும் வடிவமைத்தவரும் பொறியாளரும் பொறுப்பாக்கப்பட்டார்கள். அனுமதி கொடுத்த உள்ளாட்சி மன்றம்? வழக்கு மேலே போனது. 2006-ல் மலேசியாவின் உச்ச அமர்வான கூட்டரசு நீதிமன்றம், மன்றம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

அதாவது, அப்ரூவல் சீல் இருந்தது. சீல் போட்டவர் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 'அப்ரூவ்டு பிராஜெக்ட்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நிம்மதியாகிவிடுகிறோமே, அந்த நிம்மதிக்காகத்தான் இந்தக் கதை.

சரிவுக்கு நம்பர் போட்ட ஊர்

சரி, மலையில் கட்டவே கூடாதா? ஹாங்காங்கைப் பாருங்கள். 1972 ஜூன் 18 அன்று, ஒரே நாளில் அங்கே இரண்டு பெரிய சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் 71 பேர், போ ஷான் ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் விழுந்து 67 பேர் இறந்தார்கள். மலையைவிட்டு அந்த ஊர் எங்கே போகும்? இருப்பதே மலைதான். 1977-ல் சரிவுகளைக் கவனிக்கவென்றே தனி அரசு அலுவலகம் அமைத்தார்கள்.

இன்று அங்கே மனிதன் வெட்டிய அல்லது மேடாக்கிய சுமார் 60,000 சரிவுகளுக்கும் தனித்தனிப் பதிவு எண் இருக்கிறது. நம் மின்கம்பத்தில் நம்பர் எழுதியிருப்பதுபோல, சரிவில் எண் பலகை. இந்தச் சரிவைப் பராமரிக்க வேண்டியவர் யார், அரசா தனியாரா, என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஃப்ளாட் வாங்குபவர் தன் வீட்டோடு எந்தச் சரிவின் பொறுப்பும் சேர்ந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்கலாம்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், சரிவையும் சொத்தின் ஒரு பகுதியாக அவர்கள் பார்ப்பது. நாம் ஃப்ளாட் வாங்கும்போது டைல்ஸ் பிராண்ட், பாத்ரூம் குழாய் பிராண்ட் வரை கேட்கிறோம். பின்னால் நிற்கும் சுவர் யாருடையது என்று கேட்பதில்லை.

நம் மலைகள்

நம் ஊரிலும் பாடங்கள் குறைவில்லை. 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் சரிவு. 2009 நவம்பரில் நீலகிரி முழுக்கச் சரிவுகள், 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை மலையடிவாரத்தில் பாறையும் மண்ணும் ஒரு வீட்டின் மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அது ஊட்டி மாதிரி மலைவாசத் தலம்கூட இல்லை, நம் பக்கத்து மாவட்டங்களில் ஒன்று.

விதிகளும் இருக்கின்றன. 1990-லேயே தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளுக்கென 'ஹாகா' என்ற பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதன் பட்டியலில் இருக்கும் கிராமங்களில் மனை போடவும் கட்டவும் கூடுதல் ஒப்புதல்கள் தேவை. மலைவாசத் தலங்களுக்குத் தனிக் கட்டட விதிகள் 1993-ல் வந்தன. கொடைக்கானலில் 'பிளசன்ட் ஸ்டே' ஹோட்டல் அனுமதிக்கு மேல் மாடிகளைக் கட்டியபோது, பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றம் போனது. 1995-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த ஹோட்டல் தோற்றது. விருந்தினர் தங்கும் ஹோட்டலுக்கு அது நஷ்டக் கணக்கு. ஃப்ளாட் வாங்கியவருக்கு அப்படி ஒரு தீர்ப்பு வந்தால் அது குடியிருக்கும் வீடு.

படிக்கட்டுக் கட்டடத்தில் இந்த மாடிக் கணக்கு கொஞ்சம் தந்திரமானது. எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் இரண்டு மாடிதான் தெரியும். கீழ்ச்சாலையிலிருந்து எண்ணினால் ஆறோ எட்டோ வரும். வரைபட அனுமதியில் எத்தனை மாடி என்று எழுதியிருக்கிறது, உயரம் எங்கிருந்து அளக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சமவெளி என்றால் கவலையே இல்லை என்றும் சொல்லவில்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் விழுந்து 61 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தட்டையான நிலத்திலேயே மண்ணையும் அடித்தளத்தையும் அலட்சியம் செய்தால் அந்தக் கதி. சரிவில் பிழைக்கு இடம் இன்னும் குறைவு.

நல்ல வடிவமைப்பை எப்படி அடையாளம் காண்பது?

பொறியாளர் அல்லாத நாமும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய சில அடையாளங்கள்:

1. மனைக்கு மேல்பக்கம் குறுக்காக ஒரு வாய்க்கால். மேலிருந்து வரும் தண்ணீர் கட்டடத்தைத் தொடும் முன்பே அதில் விழுந்து பக்கவாட்டில் போய்விட வேண்டும்.

2. அந்த வாய்க்கால் எங்கே முடிகிறது? ஓடையிலா, அடுத்தவர் தோட்டத்திலா? அடுத்தவர் சரிவு நனைந்தால் உங்களுக்கும் ஆபத்து.

3. ஒரே உயரச் சுவருக்குப் பதில், போதிய இடைவெளி விட்டுப் பல குட்டைச் சுவர்கள். துளைகள் திறந்திருக்க வேண்டும். மழை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அவற்றில் தண்ணீர் கசிந்தால் நல்லது, வடிகால் வேலை செய்கிறது.

4. வீட்டின் பின்சுவருக்கும் மலைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் சந்து. பின்சுவர் நேரடியாக மண்ணில் ஒட்டியிருந்தால் ஓதம் ஏறும், பின்னறை இருட்டாக இருக்கும், காற்று வராது. படத்தில் முன்பக்கம் மட்டும்தான் காட்டுவார்கள். பின்னறையைக் காட்டச் சொல்லுங்கள்.

5. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எங்கே, அதிலிருந்து தண்ணீர் எங்கே போகிறது? 'சோக் பிட்' என்றால் உஷார்.

6. ஓடை, ஊற்று ஏதாவது மனைக்குள் இருந்ததா? பழைய கிராம வரைபடத்தில் பார்க்கலாம், ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்கலாம். சாய்ந்து நிற்கும் மரங்களும் வளைந்த வேலிக்கம்பங்களும் மண் நகர்கிறது என்று சொல்லும் சாட்சிகள்.

7. அப்பா, அம்மாவை அழைத்துப் போனால் அவர்கள் எத்தனை படி இறங்க வேண்டும்? ஆம்புலன்ஸ் எதுவரை வரும்?

அட்வான்ஸுக்கு முன் கேட்க வேண்டிய காகிதங்கள்

மண் பரிசோதனை அறிக்கை முதலில். வெறும் மண்ணின் தாங்குதிறன் மட்டும் போதாது, சரிவின் நிலைத்தன்மை பற்றிய ஆய்வும் வேண்டும். மலைப்பகுதியில் மனை தேர்வுக்கு ஐ.எஸ். 14243, மலைத் தடுப்புச்சுவர்களுக்கு ஐ.எஸ். 14458 என்று இந்தியத் தர நிர்ணய வழிகாட்டிகள் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றியிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து ரெரா பதிவு எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையோ, எட்டுக்கு மேற்பட்ட ஃப்ளாட்டோ என்றால் பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் எண்ணைப் போட்டால் அனுமதி விவரங்கள் போனிலேயே வரும்.

ரெரா சட்டத்தில் இந்த வகை வீட்டுக்கு முக்கியமான ஒரு விஷயம் உண்டு. கார்ப்பெட் ஏரியா கணக்கில் தனி உபயோகத் திறந்த மொட்டைமாடி சேராது. '1,000 சதுர அடி வீடு' என்று சொல்லி அதில் 300 மொட்டைமாடியாக இருந்தால், உள்ளே நீங்கள் வாழப்போவது 700-ல்தான். விலையை அதை வைத்துப் பேசுங்கள்.

கட்டமைப்பில் குறை வந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சொன்னால் கட்டியவர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் தடுப்புச்சுவர், வாய்க்கால் இரண்டையும் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு இரண்டு வரி: உங்கள் மொட்டைமாடி ஒழுகிக் கீழ்வீட்டுக்காரர் வந்து நின்றால் செலவு யாருடையது? 5 ஆண்டுக்குப் பிறகு சுவரையும் வாய்க்காலையும் பராமரிக்க மாதாமாதம் எவ்வளவு? சமவெளி ஃப்ளாட்டில் பராமரிப்பு என்றால் லிஃப்ட், வாட்ச்மேன், மோட்டார். மலையில் அந்தப் பட்டியலில் முதல் வரி வாய்க்கால் தூர்வாருவதுதான். பெரும்பாலானவர்கள் வாடகைக்கு விட்டுவிட்டுச் சமவெளியில் இருந்தால், மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்ல அங்கே யார் இருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

பணக் கணக்கும் போடுவோம். 30 லட்சம் கடன், 20 வருஷம், 8.5 சதவிகித வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். 20 வருஷம் என்பது 20 பருவமழை. ஷிஃப்ட் மாறி மாறிச் சம்பாதித்த காசு அத்தனை மழைக்கும் தாங்கி நிற்க வேண்டும். நல்ல வெயில் நாளில் சைட் பார்க்க கார் அனுப்புவார்கள். நன்றி சொல்லிவிட்டு, ஐப்பசி மழையில் ஒரு நாள் நீங்களாகவே பஸ் பிடித்துப் போய்ப் பாருங்கள். தண்ணீர் போகும் வழி அன்றைக்குத்தான் தெரியும்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் காகிதத்தில் பதில் கொடுக்கும் பில்டரும் இருப்பார். கொடுத்தால் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காசு கொடுத்துக் காட்டிவிட்டு வாங்கலாம். 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம், வியூவைப் பாருங்க' என்று பேச்சை மாற்றினால், அந்தப் பணம் உங்கள் அக்கவுண்டிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, போனில் செய்யக்கூடிய ஒரு வேலை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' தளத்தில் நிலச்சரிவு அபாய வரைபடங்கள் இருக்கின்றன. 2024 ஜூலையில் 'பூஸ்கலன்' என்ற செயலியையும் வெளியிட்டார்கள். நிலச்சரிவு முன்னறிவிப்பை முதலில் தொடங்கிய பகுதிகளில் நீலகிரியும் ஒன்று. வாங்க நினைக்கும் இடம் அந்த வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். மலையில் ஏற்கெனவே வீடு இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் தடுப்புச்சுவரின் துளைகளை அடுத்த மழைக்கு முன் ஒருமுறை குச்சி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வீடு, மனை, வாடகை பற்றி உங்கள் கேள்விகளையும் அனுப்புங்கள். அடுத்த வாரம்: ஏரிக்கரையை ஒட்டிய மனை, எதைப் பார்த்து வாங்குவது?